குறைந்தது பத்துப் பேர்

நூலகத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்கும் நனைந்த குடைகளைப் போடும் தொட்டிக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டு, அதன் பின்னால் அவள் மூன்றாவது சனிக்கிழமையாக உட்கார்ந்திருந்தாள். மேசையின் மேல் ஒரு தாள். பெயர், முகவரி, கையெழுத்து என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தது. எதிலும் மை படவில்லை. பதினோரு மணியிலிருந்து அவளிடம் வந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்டார். ஒரு அம்மா, "இன்ஷூரன்ஸா?" என்று கேட்டு, இல்லையென்று இவள் தலையாட்டியும் நம்பாமல் போய்விட்டாள். ஒருவர் பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். நான்காவது ஆள் மட்டும் நின்று, சுவரில் ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்து, "இது கொக்கா, நாரையா?" என்றார். நாரை என்று சொன்னாள். "நான் கொக்குன்னு நெனச்சேன்," என்று ஏதோ பறிகொடுத்தவர் மாதிரி சொல்லிவிட்டு மாடியேறினார்.

படத்தை வரைந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சங்கத்தின் தலைவர். நாற்பது வருடம் தபால் போட்டவர்; ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான்.

"நான் தாள் கொண்டுபோன காலத்துல வாசல்லயே காத்துக்கிட்டு நிப்பாங்க," என்றார். "இப்ப கையில திணிச்சாலும் ஓடறாங்க."

"அது அவங்க எதிர்பார்த்த தாள், தலைவரே."

சனிக்கிழமைகளில் நீர்த்தேக்கத்தில் பறவைகளை எண்ணும் சங்கம் அது. யாருக்கும் சம்பளம் இல்லை. விடிந்ததும் கூடுவார்கள். கரையோரம் ஒரு பலகைக் குடில் இருந்தது. அதற்குள் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கண்மட்டத்தில் வெட்டிவிட்ட திறப்பு வழியாகத் தண்ணீரைப் பார்த்து, ஆளுக்கு ஓர் இனமாக எண்ணி, ஒன்பது மணிக்குப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கலைவார்கள். குடிலுக்குள் பேசக் கூடாது. சங்கத்தில் கண்டிப்பான விதி என்றால் அது ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் இருந்த அவள்தான் சங்கத்தின் செயலாளர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் எல்லோரும் கூப்பிடுவது கண்ணாடிம்மா என்று.

குடிலும் அதன் சாவியும் குடிநீர் வாரியத்துக்குச் சொந்தம். பத்தாவது உறுப்பினராக இருந்த பேக்கரிக்காரர் இறந்து இரண்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. குறைந்தது பத்து உறுப்பினர்கள் இல்லாத சங்கத்துக்குச் சாவி கொடுப்பதற்கில்லை. உள்ளூர் முகவரியும் புகைப்படமும் சேர்த்துப் பட்டியலை இந்த மாத முடிவுக்குள் தர வேண்டும். தவறினால் குடில் பூட்டப்படும், கரைக்குள் ஆள் போகவும் அனுமதி கிடையாது. பேக்கரிக்காரர் போனபின் அவர்கள் ஒன்பது பேர். ஊரில் இத்தனை ஆயிரம் ஜனத்தில் ஒரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஒற்றை ஆளுக்குத்தான் மூன்று வாரமாக அலைச்சல்.

கடையிலும் முயன்று பார்த்தாள். வருகிறவர்களுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்து, "தூரம் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்பது அவள் வேலை. இப்போது அதோடு, "தெரியுதுன்னா சனிக்கிழமை காலையில ஃப்ரீயா?" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். "கண்ணாடி விக்கத்தான் ஆள் வச்சிருக்கேன், ஆள் பிடிக்க இல்ல," என்று முதலாளி சொன்னது கடை முழுக்கக் கேட்டது. சரி, பெயருக்காவது போடுங்களேன் என்று உடன் வேலை செய்யும் பெண்களைக் கெஞ்சினாள். கையெழுத்து, புகைப்படம், முகவரி என்றதும் அவர்கள் முகம் மாறியது. "எதுலயாவது மாட்டிவிட்டுடாதீங்கக்கா. என் வீட்டுக்காரர் தாளைப் பாத்தாலே நடுங்குவார்," என்றாள் ஒருத்தி.

ஒரு மணி வாக்கில் லிஃப்ட்டின் கதவு திறந்து, நீல மேலங்கி போட்ட ஒரு பெண் கருவிப் பையோடு வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விரலெல்லாம் கிரீஸ். காலையிலிருந்து லிஃப்ட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள். காலியாகக் கிடந்த மூன்றாவது நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்து, தன் வேலைச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, மேசையிலிருந்த விளம்பரத் துண்டுத் தாள்களில் ஒன்றை ஒரு மூலையில் மட்டும் பிடித்து எடுத்துப் படித்தாள்.

"பேசக் கூடாதுன்னு போட்டிருக்கே. நெஜமாவா?"

"ஆமா."

"மூணு மணி நேரமும்?"

"மூணு மணி நேரமும்."

மெக்கானிக் தாளை மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டாள். "வர்ற சனிக்கிழமை வந்து பாக்கறேன்க்கா," என்றாள். தபால்காரர் மேசைக்கு அடியில் கண்ணாடிம்மாவின் காலை லேசாகத் தட்டினார். மீன் கடித்துவிட்டது, தூண்டிலை அசைக்காதே என்று அர்த்தம்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. கடையில் சரக்குக் கணக்கெடுக்கிறார்கள், வர இரண்டு மணியாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் கணவர் எழுந்து வந்தார். முடி வெட்டிக்கொண்டு, கழுத்தில் பவுடரோடு, கண்ணெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு துண்டுத் தாள். அவளே அச்சடித்து, அவளே நாலாக வெட்டிய தாள்.

"சலூன்ல கிடந்தது. உனக்கு விஷயம் தெரியுமா? உங்க சங்கத்துல ஒரு இடம் காலியாகியிருக்காம்."

அவரை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த ஊரில் முப்பது வருடத்தில் உரிமம் வாங்கியவர்களில் பாதிப்பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்கள். ஓட்டுநர் பள்ளியின் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆயிரம் பேரைக் காப்பாற்றிய பிரேக். ஆனால் வீட்டுக் காரில் அது இல்லாதபோதும் அவர் கால் அதைத் தேடி மிதிக்கும். அவள் ஓட்டினால் திருப்பத்துக்குத் திருப்பம் அவருடைய செருப்பு தரையில் அழுந்தும் சத்தம் கேட்கும். அவள் ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. குரலை உயர்த்தமாட்டார், கடுஞ்சொல் ஒன்று சொன்னதில்லை. ஆனால் வாய் ஓயாது. காலையில் எழுந்தால் எழுந்ததைச் சொல்வார். அவள் குடிக்கும் தேநீர் ஆறுகிறது என்பார், சூடாக இருக்கிறது என்பார். அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடிப்பார், பெரும்பாலும் சரியாகவே முடிப்பார் என்பதுதான் கொடுமை. தும்மல் வருவதுகூட அவளுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையும் அதுதான். கெட்டவனிடமிருந்து தப்பித்து வந்தால் நாலு பேர் கதவைத் திறப்பார்கள். நல்லவரிடமிருந்து தப்பித்து எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

ஏழு வருடத்துக்கு முன் அவள் சங்கத்தில் சேர்ந்தபோது சனிக்கிழமைதான் அவருக்கு வேலை அதிகமான நாள். அதனால் கேள்வி எழவில்லை. இரண்டாம் மாதமே ஒரு சனிக்கிழமை வகுப்பு ரத்தாகி, "நானும் வரட்டுமா?" என்றார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பத்துப் பேருக்கு மேல விடமாட்டாங்க. குடில்ல இடமில்ல," என்று வாய் தானாகச் சொன்னது. வாரியத்தின் விதிப் புத்தகத்தில் குறைந்தது பத்து என்று இருந்ததை அவள் ஒரு நொடியில் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். அவர் நம்பினார். விதி என்றால் அவருக்குப் போதும். சிவப்பு விளக்கில் ஆளே இல்லாத தெருவிலும் நிற்பவர். போன வருடம் முழங்கால் மோசமாகி வேலையை விட்டபின், சனிக்கிழமை விடியற்காலையில் அவளை நீர்த்தேக்கத்தின் வாசலில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பவந்து ஏற்றிக்கொள்வார். ஏறியதும் முதல் கேள்வி, "எத்தனை?" அவள் நீர்க்காகம் இத்தனை, நாரை இத்தனை என்று சொல்வாள். அந்த எண்ணிக்கையை அவர் அடுத்த வாரம் வரை ஞாபகம் வைத்திருந்து ஒப்பிடுவார். வேறு ஊரில் இருக்கும் மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம், "அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்மா. நீயே எதுலயாவது சேத்துவிடேன்," என்பாள். பார்க்கலாம் என்று இவள் சொல்வாள்.

இப்போது தாளை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தன் எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஒரு இடம்தான்," என்றாள். "ஒருத்தங்க ஏற்கெனவே கேட்டுட்டாங்க. வர்ற சனிக்கிழமை வர்றாங்க."

"யாரு?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்க."

"ஓ." அவர் முகத்தில் ஏமாற்றம் வந்து, உடனே ஒதுங்கி வழிவிட்டது. "முதல்ல கேட்டவங்களுக்குத்தான் குடுக்கணும். ஆனா அவங்க சேரலைன்னா வரிசையில அடுத்தது நான். எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அந்தச் சோற்றையும் தானே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து நிறைந்துவிடும். ஏழு வருடத்துப் பொய்க்கு மறுபடி கூரை கிடைத்துவிடும்.

அந்த வாரம் முழுக்க அவர் பறவைப் புத்தகம் படித்தார். நூலகத்தில் எடுத்து வந்தது. அவருக்கு மனதுக்குள் படிக்க வராது. அவள் துணி மடிக்கும்போது நாமக்கோழியின் நெற்றி ஏன் வெள்ளை என்றும், அவள் பல் தேய்க்கும்போது நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக் காய வைக்கிறது என்றும் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார். "இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா எனக்கு இப்பத்தானே தெரியுது," என்றார். ஏழு வருடமாகத் தனக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்கும் குளியலறைக்கும் வந்து சேர்ந்தன. புதன்கிழமை சேற்றில் போடுகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து, கூடத்தில் அவளுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். "தேவைப்படலைன்னா தோட்டத்துக்கு ஆச்சு," என்றார். அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தாள். கழுவிய கைகளோடு, ஒரு பழைய தொப்பியோடு. பெஞ்சில் பேக்கரிக்காரர் உட்காரும் இடம், கண்ணாடிம்மாவுக்குப் பக்கத்தில், மூன்று மாதமாக யாரும் உட்காராமல் கிடந்தது. அங்கே உட்கார்ந்தாள். முதல் பதினைந்து நிமிடம் புதிதாக வருகிறவர்கள் எல்லோரையும்போல அசைந்தாள், மணி பார்த்தாள். பிறகு நின்றுவிட்டது. மூடுபனி தண்ணீரை விட்டு எழுந்து, எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கண்ணாடிம்மாவுக்கு எப்போதும் பிடித்தது இந்த நேரம்தான். அப்போது தன் தலைக்குள்ளும் யாரும் பேசமாட்டார்கள்; யாருடைய வாக்கியமும் அவளுக்காகக் காத்திருக்காது. இந்தப் பெண்ணின் அருகாமை அந்த நேரத்தைத் தொடவேயில்லை. அவள் ஒரு நல்ல சுவர் மாதிரி பக்கத்தில் இருந்தாள்.

ஒன்பது மணிக்குப் பதிவேடு எழுதிவிட்டு வாசலை நோக்கி நடக்கும்போது மெக்கானிக் பேசினாள். "ஒரு தடவை ஒருத்தர் லிஃப்ட்டுல ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டார். அலாரம் அடிக்கவே இல்ல. வீட்டு ஆளுங்க தேடித்தான் எங்களுக்கு ஃபோன் வந்துச்சு. கதவை நெம்பித் திறந்தா, அந்த ஆளு தரையில உக்காந்துகிட்டு என்னைப் பாத்து, இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறக்க முடியுமான்னு கேட்டார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வீட்டு ஆளுங்க பின்னாடி நிக்கறாங்களேக்கா. என்ன செய்ய." கொஞ்ச தூரம் நடந்தார்கள். "புதன்கிழமை ஃபோட்டோ குடுத்துடறேன்," என்றாள்.

வாசலில் கார் நின்றிருந்தது. வாத்தியார் இறங்கிவந்து மெக்கானிக்குக் கை கொடுத்தார். "நீங்கதான் அதிர்ஷ்டசாலியா? நான் உங்களுக்கு அடுத்த ஆள்," என்று சொல்லிச் சிரித்தார். மெக்கானிக் புரியாமல் கண்ணாடிம்மாவைப் பார்த்தாள். இவள் கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமை புகைப்படம் வரவில்லை, ஃபோன்தான் வந்தது. கம்பெனியில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். பதினெட்டு மாடிக் கட்டடம், ஒரு வருட வேலை, ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். உள்ளூர் முகவரி இல்லாமல் வாரியம் ஏற்காது என்று மெக்கானிக்குக்கே தெரிந்திருந்தது. "சேரணும்னுதான்க்கா இருந்தேன். நெஜமா," என்றாள். கண்ணாடிம்மா ஃபோனை வைத்துவிட்டு, கையில் பாதி துடைத்திருந்த கண்ணாடியை மறுபடியும் முதலிலிருந்து துடைத்தாள். பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை கடை மூடும்வரை வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். முதலாளி கல்லாவில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரிடமும் கேட்க முடியவில்லை. வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, கூடத்தில் தபால்காரருடைய குரல் கேட்டது. மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். நடுவே வாரியத்தின் படிவம். பத்தாவது வரி காலியாக இருந்தது.

"வாங்க கண்ணாடிம்மா," என்றார் தபால்காரர். "மெக்கானிக் பொண்ணு எனக்கும் ஃபோன் பண்ணிச்சு. இடி விழுந்த மாதிரி ஆச்சு. உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தா, சார் என்னன்னா நானே சேரத் தயார்ங்கறார். மூணு வாரமாத் தெருத்தெருவா ஆள் பிடிச்சுக்கிட்டு அலையறோம். வீட்டுக்குள்ளயே ஆளை வச்சுக்கிட்டு நீங்க ஏம்மா சொல்லவே இல்ல?"

"அவளைத் தப்புச் சொல்லாதீங்க," என்றார் வாத்தியார் உற்சாகமாக. "அவ என்ன செய்வா? பத்துப் பேருக்கு மேல சேக்க மாட்டாங்களே. இப்பத்தானே ஒரு இடம் காலியாச்சு."

"மேலயா?" தபால்காரர் படிவத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "குறைஞ்சது பத்து சார். மேல எத்தனை பேர் வந்தா என்ன? இருபது பேர் உக்காரலாம் அந்த பெஞ்சுல. இந்த ஏழு வருஷத்துல பத்துக்கு மேல நாங்க போனதே இல்ல, ஆள் இருந்தாத்தானே போறதுக்கு."

வாத்தியார் விரல் காட்டிய வரியைப் படித்தார். உதடுகள் அசைய ஒரு முறை படித்தார். அசையாமல் இன்னொரு முறை படித்தார். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். இந்த முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவருக்கு ஒரு விஷயம் புரிகிற நேரத்தை அவள் இவ்வளவு அருகிலிருந்து பார்த்ததில்லை. புரிந்தவுடன் அதைச் சொல்லிவிடுகிறவர் அவர். இப்போது புரிந்தது, சொல்லவில்லை.

பிறகு தபால்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நான்தான் காதுல தப்பா வாங்கியிருக்கேன். அவ சரியாத்தான் சொல்லியிருப்பா. எனக்கு முன்ன மாதிரி காது கேக்கறதில்ல."

அவருக்குப் பாம்புச் செவி. இரண்டு தெரு தள்ளி எந்தக் கார் எந்த கியரில் போகிறது என்று சொல்வார்.

தபால்காரர் நாளைக் காலையில் வந்து படிவத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது. வாத்தியார் கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். அவர் பாத்திரம் கழுவினால் எது எங்கே கறை பட்டது, எந்த சோப்பு நல்லது என்று கேட்கும். இன்று தண்ணீர் மட்டும் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் ரொம்பப் பேசறேனா?" என்றார்.

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஏழு வருடமாக, ஏன் முப்பத்திரண்டு வருடமாக இருந்தது. அழகாக, வரிசையாக, குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்து மெருகேற்றிய பதில். இப்போது அவர் அதைக் கேட்கத் தயாராகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லத் தொடங்கினால் நடுவில் குறுக்கிடமாட்டார், அவளுக்காக முடித்துவைக்கமாட்டார் என்று தெரிந்தது. கழுத்தில் முடி வெட்டிய கோடு இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

"அப்படியெல்லாம் இல்லங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பத்தாவது வரியில் தன் பெயரை எழுதினார். முகவரி எழுதினார், கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து, அதிலிருந்த புகைப்படத்தை மேலே வைத்தார். எப்போது எடுத்தது என்று அவள் கேட்கவில்லை. சலூனிலிருந்து வந்த அன்றைய முடிவெட்டு அதில் இருந்தது.

"சாவி உங்க சங்கத்துகிட்டயே இருக்கட்டும்," என்றார். "என் பேரு மட்டும் இருக்கும். நான் வரல. எப்பவும் போல உன்னை இறக்கிவிட்டுட்டுப் போயிடறேன்."

கதவு திறந்து கிடந்தது. அவரே நெம்பித் திறந்து ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்த சனிக்கிழமையும் அவளுடையவை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். பொய்யாக இருந்தவரை அது விதி. இப்போது சரி என்றால் அது அவள் விருப்பம். நீங்கள் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு அதைவிடச் சின்னச் சொல் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு, அதன்பின் இந்தக் கூடத்தில் இதே மேசையில் இருவரும் எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்?

"சும்மா பேருக்கு எதுக்குங்க," என்று அவள் குரல் சொல்வது அவளுக்கே கேட்டது. "வாங்க."

"வேண்டாம். நீ சங்கடப்பட்டுச் சொல்ற."

"இல்ல. வாங்கன்னா வாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரமாக நூலகத்திலும் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் எத்தனையோ பேரை அவள் அழைத்திருக்கிறாள், ஒருவர்கூட வரவில்லை. இவர் கண் கலங்கிவிட்டது. "நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்றார். "பாரு நீ."

சனிக்கிழமை காரை நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். வாசலிலிருந்து குடில் வரைக்கும் சேற்றுப் பாதை, முந்நூறு அடி இருக்கும். அதை அவள் ஏழு வருடமாகத் தனியாக நடந்தவள். பின்னால் புது ரப்பர் பூட்ஸ் ஒன்று அழுத்தமாகவும், முழங்கால் வலிக்கிற பக்கம் ஒன்று மெதுவாகவும் வந்தது. அவள் நின்றால் நின்றது. குடிலுக்குள் எல்லோரும் எழுந்து அவருக்குத் தலையசைத்து வரவேற்றார்கள். சங்கம் பிழைத்த சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. தபால்காரர் சைகையிலேயே, ஜோடியாக உட்காருங்கள் என்று காட்டி, அவள் பக்கத்து இடத்தைக் காட்டினார். நாமக்கோழிகளை எண்ணும் வேலை வாத்தியாருக்கு. நீர்க்காகம் அவளுக்கு.

அவர் பேசவில்லை. கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று, பேசவில்லை. மூடுபனி எழுந்தது. அவள் ஏழு வரை எண்ணினாள். பக்கத்தில் அவர் மூச்சை மெல்ல விடுவது கேட்டது. தொண்டையில் ஏதோ வந்து, அதை அவர் விழுங்குவது கேட்டது. பென்சில் தாளில் படாமல் காற்றில் நிற்பது கேட்டது. அவர் பேசிக்கொண்டிருந்தால் அவள் ஒரு காதை மூடிக்கொள்ளத் தெரிந்தவள். அந்த வித்தை வருடக்கணக்கில் பழகியது. இந்த மௌனத்துக்கு எந்தக் காதை மூடுவதென்று தெரியவில்லை. அது தண்ணீரைப் பார்த்து இருக்கவில்லை. முழுக்க அவளைப் பார்த்து இருந்தது. பார், நான் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை, உனக்காகத்தான் என்று அது கணத்துக்குக் கணம் சொல்லிக்கொண்டே இருந்தது. மரக்கட்டை மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து நின்றன. பதினொன்று, பன்னிரண்டு. எங்கே விட்டோம் என்று மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் விட்டது. பெஞ்சின் அந்தக் கோடி வரை எட்டு முகங்கள் திறப்பை நோக்கி, வெளிச்சம் கண்ணில் விழ, ஆளுக்கொரு பறவையோடு தனித்தனியாக உட்கார்ந்திருந்தன.

எட்டு மணி இருக்கும். பக்கத்தில் அவர் உடம்பு சட்டென்று விறைத்தது. வலது கை மெல்ல எழுந்தது. திறப்பின் இடது ஓரத்தை நோக்கி ஒரு விரல் நீண்டது. அவர் கண் அகன்று, வாய் திறந்து, ஒரு பெயர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்று, வாய் மூடிக்கொண்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதில் மகள் எதையாவது காட்டும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவர் விரல் காட்டிய பக்கம் அவள் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. ஏதோ ஒன்று முங்கிப் போன இடத்தில் தண்ணீர் ஒரு வட்டமாக விரிந்துகொண்டிருந்தது, அதற்குள் இன்னொரு வட்டம். அது எங்கே மேலே வரும் என்று இருவருக்கும் தெரியாது. வெளி வட்டம் நாணலைத் தொட்டு உடைந்தது. அவர் விரலை இறக்கவில்லை.